சீனாவில் டீச்சர் வேலை: சம்பளத்தைக் கடைசியில் பாருங்கள்

சகோதரிகளே, மழைக்காலத்துச் சளிக்குக் கை வைத்தியம் எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். அது அடுத்த இதழுக்குப் போகட்டும். தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கும் கடிதம் காத்திருக்கக் கூடியதாக இல்லை. இந்த மாதக் கடைசிக்குள் பணம் கட்ட வேண்டும் என்று அவருக்குக் கெடு வைத்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். அவருடைய மகளுக்கு வயது இருபத்தேழு. பி.ஏ. ஆங்கில இலக்கியம், அதன்மேல் பி.எட். மூன்று வயதில் ஒரு பையன். மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால் ஏழு மாதமாக வீட்டில் இருக்கிறார். இந்தச் சமயத்தில், சீனாவில் குவாங்ஜோ நகரத்துக் குழந்தைகள் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியை வேலை, மாதம் 14,000 யுவான், தங்க இடம் இலவசம் என்று ஒரு ஏஜெண்ட் சொல்லியிருக்கிறார். யுவானுக்குப் பன்னிரண்டரை ரூபாய் வைத்தால் ஒன்றே முக்கால் லட்சம். யாருக்குத்தான் ஆசை வராது? ஏஜெண்டுக்குக் கட்ட வேண்டியது ஒரு லட்சத்து எண்பதாயிரம். “என் வளையல் நாலும் சேர்ந்து மூணு பவுன் இருக்கும், அதை அடகு வச்சுக் கட்டிடலாம்னு இருக்கேன். பேரனை நான் பார்த்துக்குவேன். அனுப்பலாமா அக்கா?” என்று கேட்கிறார். கூடவே ஏஜெண்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அச்செடுத்து வைத்திருக்கிறார். கெட்டிக்காரி.

அந்தச் செய்திகளில் ஒரு வரியை மூன்று தடவை படித்தேன். “முதலில் பிஸினஸ் விசாவில் போகட்டும், அங்கே போய்ச் சேர்ந்ததும் பள்ளிக்கூடமே ஒர்க் விசாவாக மாற்றித் தந்துவிடும்.”

வளையலைப் பீரோவிலேயே வையுங்கள், தங்கச்சி.

ஏன் சொல்கிறேன் என்றால், சீனாவில் வெளிநாட்டார் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கிரமமான வரிசை ஒன்று இருக்கிறது. வேலைக்கு எடுக்கிற பள்ளிக்கூடம்தான் முதலில் தங்கள் சர்க்காரிடம் விண்ணப்பம் போட வேண்டும். இன்னாரை இன்ன வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அங்கிருந்து வேலை அனுமதி அறிவிப்பு என்ற கடிதம் வரும். அதை நம்மிடம் அனுப்புவார்கள். அதைக் காட்டித்தான் இங்கே இஸட் விசா வாங்க வேண்டும். அந்த விசாவில் உள்ளே போய், முப்பது நாளைக்குள் அங்குள்ள போலீஸ் இலாகாவில் வசிப்பு அனுமதி எடுக்க வேண்டும். காகிதம் முன்னால், விமானம் பின்னால். பிஸினஸ் விசா என்கிற எம் விசா சரக்கு வாங்க விற்கப் போகிறவர்களுக்கு. எல் விசா ஊர் சுற்றிப் பார்க்க. இந்த இரண்டிலும் வகுப்பெடுக்கக் கூடாது, ஒரு நாள் கூட.

எடுத்தால் என்ன ஆகும்? 2013 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் அவர்கள் சட்டப்படி 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். விஷயம் பெரிது என்று நினைத்தால் அதோடு 5 முதல் 15 நாள் வரை காவலில் வைக்கலாம். பிறகு ஊருக்குத் திருப்பி அனுப்பலாம். அபராதம் கட்டுவது ஏஜெண்ட் அல்ல, பிடிபட்ட பெண். பள்ளிக்கூடத்துக்கும் தனியாக அபராதம் உண்டுதான், ஆனால் அவர்கள் தங்கள் ஊரில் இருக்கிறார்கள். நம் பெண் பாஷை தெரியாத ஊரில், கையில் திரும்பி வரும் டிக்கெட் கூட இல்லாமல் நிற்பாள்.

“சரி அக்கா, இஸட் விசாவே வாங்கித் தரச் சொல்றேன்” என்பீர்கள். அங்கேதான் இரண்டாவது சங்கடம். மொழி ஆசிரியர்களைப் பற்றி அவர்கள் வகுத்திருக்கிற விதி, பொதுவாகத் தன் தாய்மொழியையே சொல்லித் தர வேண்டும், அந்த மொழி தாய்மொழியாக உள்ள நாட்டுப் பிரஜையாக இருக்க வேண்டும் என்கிறது. பட்டம் வேண்டும், இரண்டு வருஷ அனுபவமும் வேண்டும். கல்வியியல் பட்டமோ ஆசிரியர் சான்றிதழோ இருந்தால் அனுபவத்தை விட்டுக்கொடுப்பார்கள், பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுப்பது அபூர்வம். நடைமுறையில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று விரல் விட்டு எண்ணுகிற நாடுகளைத்தான் பார்க்கிறார்கள். இந்தியா அந்தக் கணக்கில் இல்லை.

எனக்கும் கோபம் வராமல் இல்லை. நம் பெண்கள் எல்.கே.ஜி.யிலிருந்து எம்.ஏ. வரை ஆங்கிலத்திலேயே படித்து, ஆங்கிலத்திலேயே பாடமும் நடத்துகிறார்கள். இலக்கண வாத்தியாரையே திருத்துகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அது அவர்கள் நாடு, அவர்கள் விதி. அந்த விதியைச் சுற்றிக்கொண்டு போகத்தான் பிஸினஸ் விசா யோசனை பிறக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்.

கணக்கோ பௌதிகமோ படித்து, பி.எட்.டும் இரண்டு வருஷ அனுபவமும் உள்ள நம் பெண்களுக்கு நிலைமை வேறு. அங்குள்ள சர்வதேசப் பள்ளிகளில் பாட ஆசிரியர் என்ற வகையில் முறையாக எடுக்க இடமுண்டு. அப்படிப் போகிறவர்கள் நம் நாட்டுச் சான்றிதழ்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அத்தாட்சியும், அதற்குப் பிறகு சீனத் தூதரகத்தின் அத்தாட்சியும் வாங்க வேண்டும். 2023 நவம்பரில் சீனா அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது, ஒரே முத்திரை போதும் என்று சிலர் சொல்வார்கள். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவில் அது செல்லாது. தென்காசிப் பெண் படித்தது இலக்கியம். அவளுக்கு இந்த வழியும் சிரமம். இல்லை, எங்கள் விஷயத்தில் விதிவிலக்கு இருக்கிறது என்று ஏஜெண்ட் சொன்னால், அவள் பெயரும் பள்ளிக்கூடத்தின் பெயரும் போட்ட அறிவிப்புக் கடிதத்தைக் காட்டட்டும். காட்டினால் நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஏஜெண்டுகளைப் பற்றி இன்னும் ஒன்று. இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்கள் 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை மத்திய சர்க்காரின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். உங்கள் வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பையன் இரண்டு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவான். பதிவு பெற்றவரே ஆனாலும் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ரசீது கொடுக்க வேண்டும். ஒரு லட்சத்து எண்பதாயிரம் எங்கே, முப்பதாயிரம் எங்கே! அதுவும் சீனத்து ஆசிரியர் வேலைகளில் ஆள் பிடித்துக் கொடுத்தவருக்குப் பெரும்பாலும் பள்ளிக்கூடமே கமிஷன் கொடுத்துவிடுகிறது. டீச்சரிடம் கை நீட்டுகிறவரைச் சந்தேகிக்கத்தான் வேண்டும். அந்த வாசகிக்கு இதையெல்லாம் தனியாகவும் எழுதிப் போட்டுவிட்டேன், கெடு நாள் வருவதற்குள் கையில் கிடைக்கட்டும் என்று.

வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் மூலம் சீனக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தரலாமா என்றும் இளம் தாய்மார்கள் சிலர் கேட்டிருக்கிறீர்கள். 2021 ஜூலைக்கு முன்னால் அது பெரிய வியாபாரமாக நடந்தது உண்மை. அந்த மாதம் சீன சர்க்கார் ‘இரட்டைக் குறைப்பு’ என்று ஒரு உத்தரவு போட்டது. பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடத்தையும் டியூஷனையும் குறைப்பது நோக்கம். அதிலேயே, வெளிநாட்டில் இருக்கிற வெளிநாட்டு ஆசிரியர்களை வைத்துப் பாடம் நடத்தக் கூடாது என்றும் தடுத்துவிட்டார்கள். ஆகவே இப்போது ‘சீனக் குழந்தைகளுக்கு ஆன்லைன் வகுப்பு, பதிவுக் கட்டணம் ஐயாயிரம்’ என்று செய்தி வந்தால், அந்த ஐயாயிரத்துக்குப் பிள்ளைக்குப் பால் பவுடர் வாங்குங்கள்.

சரி, பாஸ்போர்ட் சரியாக இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இந்தப் பத்திரிகையைக் கடல் தாண்டியும் வாசிக்கிறார்கள். டர்பனிலும் லண்டனிலும் டொராண்டோவிலும் நம் பிள்ளைகள் அந்த நாட்டுப் பிரஜைகளாகவே வளர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் இந்த வேலைகள் வருகின்றன. அவர்களுக்காக இந்தப் பாதி.

என் சித்தப்பா மகனின் பெண் டொராண்டோவில் பிறந்தவள். கனடா பாஸ்போர்ட், பட்டம், ஆசிரியர் சான்றிதழ் எல்லாம் உண்டு. போன வருஷம் அவளுக்குச் சீனாவிலிருந்து மூன்று வேலைக் கடிதம் வந்தது. செங்டூவில் ஒரு பயிற்சி நிலையம், மாதம் 20,000 யுவான். சாங்ஷாவில் ஒரு பல்கலைக்கழகம், 9,500 யுவானும் வளாகத்திலேயே வீடும். சூஜோவில் ஒரு தனியார் பள்ளி, 17,000 யுவானும் வீட்டு வாடகைக்கு 3,000-மும். “அத்தை, இருபதாயிரம் தராங்க!” என்று குதித்தாள். “இருடி, ஒப்பந்தத்தை முதல்லேருந்து படி” என்றேன். மூன்று ராத்திரி போனில் படித்தோம்.

முதலில் வேலை நேரம். செங்டூக்காரர்கள் கடிதத்தின் முன்பக்கத்தில் ‘வாரம் 25 மணி வகுப்பு’ என்று போட்டிருந்தார்கள். நாலாம் பக்கத்தில் ‘அலுவலக நேரம் 15 மணி’ என்று இன்னொரு வரி. ஆக நாற்பது. பல்கலைக்கழகத்தில் வாரம் 16 பீரியட், பீரியடுக்கு 45 நிமிஷம், அதாவது 12 மணி நேரம். மாதத்துக்கு நாலு வாரம் என்று வைத்துப் பாருங்கள். செங்டூவில் மணிக்கு 125 யுவான். சாங்ஷாவில் ஏறக்குறைய 198. பெரிய சம்பளம் எது, சின்னச் சம்பளம் எது? ஆனால் உடனே சாங்ஷாவுக்கு மாலை போட்டுவிடாதீர்கள். அது பத்து மாத ஒப்பந்தம். ஜூலை, ஆகஸ்டில் சம்பளம் கிடையாது, வீட்டைக் காலி செய்ய வேண்டுமா என்பதும் எழுதியிருக்கவில்லை.

செங்டூ வேலையில் இன்னும் இரண்டு விஷயம் உறுத்தியது. வகுப்பெல்லாம் சாயந்திரமும் சனி ஞாயிறும்தான். திங்கள், செவ்வாய் விடுமுறை. நான் சொன்னேனே அந்த 2021 உத்தரவு, அதன்படி பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனி ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் பாட டியூஷன் நடத்தக் கூடாது, ஆங்கிலமும் பாடத்தில் சேர்த்தி. அப்போது எத்தனையோ நிலையங்கள் மூடிப்போயின. மிச்சமிருப்பவற்றில் சில பெயரை மாற்றி வைத்துக்கொண்டு நடத்துகின்றன. பெரியவர்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிற நிலையம் என்றால் பரவாயில்லை. இவர்கள் வகுப்புப் பட்டியலில் இருந்ததோ எட்டு வயசு, பத்து வயசுக் குழந்தைகள். இரண்டாவது, ஒப்பந்தத்தில் இருந்த கம்பெனி பெயர் ஒன்று, வேலை பார்க்க வேண்டிய இடத்தின் பெயர் வேறொன்று. அங்கே வேலை அனுமதி ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பெயரில்தான் கொடுக்கப்படுகிறது. வெளிநாட்டாரை வைத்துக்கொள்ள உரிமை இல்லாத இடங்கள் இன்னொருவர் உரிமையை இரவல் வாங்கி ஆள் எடுக்கும். இஸட் விசாவே இருந்தாலும் அது திருட்டு வேலையாகத்தான் கணக்கு. “ஏன் ரெண்டு பேர்?” என்று அவள் எழுதிக் கேட்டாள். “எல்லாம் ஒரே குடும்பம்தான்” என்று பதில் வந்தது. அதோடு அந்தக் காகிதத்தை மடித்து வைத்தோம்.

மீதி சூஜோ. 17,000 என்பதும் முழுசாகக் கைக்கு வராது, தெரிந்துகொள்ளுங்கள். 2011 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் சமூகக் காப்பீட்டில் சேர வேண்டும் என்று சட்டம். நம் பங்காக ஓய்வூதியத்துக்கு 8, வைத்தியத்துக்கு 2, வேலையிழப்புக்கு அரை, ஆகப் பத்தரை சதவீதம் பிடிப்பார்கள், ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அது 1,785. மாதம் 5,000 யுவானுக்கு வருமான வரி கிடையாது, மீதிக்கு உண்டு. வருஷக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் மாதம் சராசரி 810 யுவான் வரி. கையில் மிஞ்சுவது சுமார் 14,400. நாட்டை விட்டுக் கிளம்பும்போது ஓய்வூதியத்தில் நம் பங்கைத் திருப்பிக் கேட்டு வாங்கலாம். இதைச் சொல்லுவார் இல்லாமல் விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வரி கட்டிய அத்தாட்சியை மாதா மாதம் வாங்கி வையுங்கள். சம்பளப் பணத்தை வெளிநாட்டு நாணயமாக மாற்றி வீட்டுக்கு அனுப்பப் போனால் பேங்கில் அதைத்தான் கேட்பார்கள். ‘வரியெல்லாம் வேண்டாம், பாதியை ரொக்கமாகத் தருகிறோம்’ என்று ஆசை காட்டினால் இதனால்தான் மயங்கக் கூடாது.

வாடகைப் பணம் 3,000 என்பது கேட்க நன்றாக இருக்கும். அங்கே வீடு பிடிக்கிற வழக்கம், ஒரு மாதம் முன்பணம், மூன்று மாத வாடகை மொத்தமாக. 4,000 யுவான் வாடகை என்றால் முதல் சம்பளம் வருவதற்கு முன்பே 16,000 எண்ணி வைக்க வேண்டும். கையோடு பணம் கொண்டு போகிறவளா, வெறுங்கையோடு போகிறவளா என்பதைப் பொறுத்து, பள்ளிக்கூடமே வீடு கொடுப்பது மேலா, பணமாகக் கொடுப்பது மேலா என்று தீர்மானியுங்கள். இவள் ‘முதல் மூன்று மாத வாடகையை நீங்கள் கட்டி, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டாள். ஒத்துக்கொண்டார்கள்.

வீடு என்றதும் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும், இது ஆரோக்கியப் பத்திரிகை அல்லவா. பெய்ஜிங் மாதிரி வடக்கத்தி ஊர்களில் பனி கொட்டினாலும் வீட்டுக்குள் வெதுவெதுப்பாக இருக்கும். நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை ஊர் முழுக்கக் குழாய் வழியாக வெப்பம் அனுப்புகிறார்கள். ஹுவாய் ஆற்றுக்குத் தெற்கே அந்த ஏற்பாடு பொதுவாகக் கிடையாது. சாங்ஷாவும் சூஜோவும் தெற்குதான். ஜனவரியில் ஈரக் குளிர், எலும்புக்குள் இறங்கும். ஏ.சி. யந்திரத்தைச் சூடாகத் திருப்பி வைத்துக்கொண்டு குறுகி உட்கார வேண்டும், கரண்ட் பில் நம்முடையது. ஆஸ்துமா, மூட்டுவலி உள்ளவர்கள் ஊரின் பெயரைப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

ஒப்பந்தத்தில் சீனத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டு பிரதி இருக்கும். தகராறு வந்தால் சீனப் பிரதிதான் செல்லும் என்று பெரும்பாலும் ஒரு ஷரத்து வைத்திருப்பார்கள். அதனால் சீனப் பிரதியை வேறு ஒருவரிடம் கொடுத்துப் படித்துப் பார்க்கச் செய்வது நூறு டாலர் ஆனாலும் பெறும். இவள் படிக்க வைத்தாள். ஆங்கிலத்தில் ‘முப்பது நாள் முன்னறிவிப்பு’ என்று இருந்தது, சீனத்தில் அறுபது! தட்டச்சுப் பிழை என்றார்கள். இருக்கலாம், திருத்திக் கொடுத்தார்கள். பாஸ்போர்ட்டைப் பள்ளிக்கூடம் ‘பத்திரமாக’ வைத்துக்கொள்ளும் என்றும் ஒரு வரி. 2008 முதல் நடப்பில் உள்ள அவர்களுடைய தொழிலாளர் ஒப்பந்தச் சட்டமே, வேலைக்காரரின் அடையாளப் பத்திரங்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்கிறது. அந்த வரியை அடிக்கச் சொன்னாள், அடித்தார்கள். வசிப்பு அனுமதிக்காகப் போலீஸ் இலாகாவில் பாஸ்போர்ட் சில நாள் இருக்கும், அதற்குக் கையில் ரசீது கொடுப்பார்கள். அந்த நாட்களில் அவசரத்துக்கு ஊருக்குப் பறக்க முடியாது என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள்.

விலகல் கடிதம் என்று ஒன்று உண்டு. வேலையை விடும்போது பழைய நிறுவனம் அதைக் கொடுத்து, வேலை அனுமதியையும் ரத்து செய்து கொடுத்தால்தான் அங்கேயே இன்னொரு வேலையில் சேர முடியும். கொடுக்காமல் இழுத்தடிப்பது ஒரு தந்திரம். இத்தனை நாளுக்குள் தருவோம் என்று முதலிலேயே எழுதி வாங்க வேண்டும். இவளுக்கு ‘நியாயமான காலத்துக்குள்’ என்று மட்டுமே எழுதிக் கொடுத்தார்கள். எனக்குத் திருப்தி இல்லை. அவள் சம்மதித்துவிட்டாள்.

குழந்தையையும் கணவரையும் கூட்டிப் போகிறவர்கள் எஸ்-1 விசா வாங்க வேண்டும். அதில் போகிற கணவர் அங்கே வேலை பார்க்க முடியாது. பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் யார் தலையில் என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். சர்வதேசப் பள்ளியில் டீச்சர் பிள்ளைக்கு இலவச இடம் கொடுத்தால், சம்பளத்தில் மூவாயிரம் குறைந்தாலும் அதுவே லாபம். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போகிறவர்கள், வருஷத்துக்கு ஒரு டிக்கெட் என்பது எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். பல இடங்களில் ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் அந்தப் பணம் கைக்கு வரும்.

இன்னொரு விஷயமும் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டும். அங்கே வாட்ஸ்அப் வேலை செய்யாது. அவர்கள் உபயோகிக்கிற வீசாட்டை 2020 ஜூனில் இந்தியா தடை செய்துவிட்டது. கனடாவில் இருக்கிற அண்ணனுக்கு வீசாட் போட்டுக்கொள்ளலாம், பெண் தினமும் முகம் காட்டுகிறாள். எனக்கு அந்த வசதி இல்லை. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் நம்மூர் சிம்மை ரோமிங்கோடு கொண்டு போனால் அதில் வாட்ஸ்அப் வரும், செலவு கொஞ்சம் பிடிக்கும். மூன்று வயதுப் பேரன் “அம்மா எங்கே?” என்று கேட்கிற வீட்டில், வாரத்துக்கு எத்தனை நாள், எந்தப் போனில், எத்தனை மணிக்கு என்று கிளம்புவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நம் பிள்ளை ராத்திரி எட்டரைக்குச் சாப்பிட உட்காரும்போது அங்கே பதினோரு மணி.